பட்டியலில் காற்புள்ளி: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

மாலா, கவிதா, ராணிக்குப் பரிசு கொடுத்தார்கள்.

இந்த வாக்கியத்தின்படி பரிசு வாங்கியவர்கள் எத்தனை பேர்? எழுதியவர் மனத்தில் மூன்று பேர். படிப்பவருக்கோ மாலாவும் கவிதாவும் சேர்ந்து ராணிக்குப் பரிசு கொடுத்ததாகப் படுகிறது. இரண்டு காற்புள்ளிகளும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் வாக்கியம் தவறு. பள்ளி ஆண்டு மலர், சங்க அறிக்கை, செய்தித்தாள் என்று எங்கே பார்த்தாலும் இந்தத் தவறு கண்ணில் படுகிறது. காற்புள்ளியை எங்கே வைப்பது என்று மட்டும் கற்றுக்கொடுத்து, பட்டியலை எப்படி முடிப்பது என்று கற்றுக்கொடுக்காமல் விட்டதால் வருகிற வினை இது.

தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ‘ராணிக்கு’ என்பதில் உள்ள ‘கு’ ராணிக்கு மட்டுமே உரியது. காற்புள்ளியைத் தாண்டிப் பின்னோக்கிப் போய் மாலாவையும் கவிதாவையும் அது பிடிக்காது. உருபு இல்லாமல் நிற்கும் பெயரைத் தமிழ்க் காது எழுவாயாகவோ விளியாகவோதான் எடுத்துக்கொள்ளும். ‘மாலா, கவிதாவைக் கூப்பிடு’ என்னும்போது மாலாவை அழைக்கிறோம். ஆக, அதே காற்புள்ளி விளிக்கும் வரும், பட்டியலுக்கும் வரும். எதற்காக வந்தது என்பதைப் பின்னால் வரும் சொல்தான் சொல்ல வேண்டும்.

திருத்த மூன்று வழிகள் உண்டு.

மாலாவுக்கும் கவிதாவுக்கும் ராணிக்கும் பரிசு கொடுத்தார்கள்.
மாலா, கவிதா, ராணி ஆகியோருக்குப் பரிசு கொடுத்தார்கள்.
மாலா, கவிதா, ராணி மூவருக்கும் பரிசு கொடுத்தார்கள்.

முதல் வாக்கியத்தில் ஒவ்வொரு பெயரும் தன் உருபைத் தானே சுமக்கிறது. காற்புள்ளிக்கு வேலையே இல்லை. மற்ற இரண்டிலும் பெயர்கள் வெறுமனே நிற்கின்றன. கடைசியில் ஒரு சொல் வந்து அவற்றை ஒன்றாகக் கட்டி, உருபைத் தான் வாங்கிக்கொள்கிறது. தமிழில் காற்புள்ளிப் பட்டியல் என்றால் அப்படிக் கட்டும் சொல் ஒன்று வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் தவறுகளில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும்.

இது புதிய விதி அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் இடையியலிலேயே இருக்கிறது. எந்த இடைச்சொல்லும் இல்லாமல் பெயர்களை வரிசையாக அடுக்குவதற்குச் செவ்வெண் என்று பெயர். செவ்வெண் வந்தால் இறுதியில் தொகைச்சொல், அதாவது பெயர்களை ஒன்றாகக் கட்டும் சொல், வர வேண்டும் என்கிறது அந்த நூற்பா. உம், என்று, என, ஒடு ஆகியவற்றைக் கொண்டு எண்ணினால் தொகைச்சொல் இல்லாமலும் இயலும் என்கிறது. ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். குறி இல்லாத அந்த எழுத்தில் பட்டியல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை உம்மையும் தொகைச்சொல்லுமே காட்டின. அச்சோடு நிறுத்தக்குறிகள் வந்தன. தமிழ் உரைநடையில் அவற்றைப் பரவலாக்கியவர்களில் ஆறுமுக நாவலரின் (1822–1879) பெயர் முன்னால் நிற்கிறது. அப்படி வந்த காற்புள்ளி கண்ணுக்கு உதவுகிறதே தவிர, தொகைச்சொல்லின் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

பேச்சிலும் இதே கதைதான். ‘அக்கா, அண்ணன், தம்பி வந்தாங்க’ என்று யாரும் நிறுத்துவதில்லை. ‘அக்கா, அண்ணன், தம்பி எல்லாரும் வந்தாங்க’ என்றோ ‘மூணு பேரும் வந்தாங்க’ என்றோதான் வாயில் வரும். இலக்கணம் படிக்காதவர்களும் பிசகாமல் தொகைச்சொல் போட்டுப் பேசுகிறார்கள். எழுதும்போதுதான் அது நழுவுகிறது.

இனி, எந்தத் தொகைச்சொல் எங்கே. உயர்திணைக்கு ஆகியோர், அஃறிணைக்கு ஆகியவை. உருபு ஏறும்போது ஆகியவற்றை, ஆகியவற்றால், ஆகியவற்றுக்கு, ஆகியவற்றின், ஆகியவற்றில் என்று மாறும். ‘ஆகியவைகளை’ என்பது மிகப் பரவலான பிழை. ‘அவை’ என்பதே பன்மையாக இருக்கும்போது அதன்மேல் இன்னொரு ‘கள்’ எதற்கு? தொகைச்சொல்லுக்கு முன்னால் காற்புள்ளி கூடாது: ‘அரிசி, பருப்பு, எண்ணெய், ஆகியவற்றை’ என்று எழுதினால், கட்ட வந்த சொல்லையே கட்டிலிருந்து பிரித்துவிட்டதாக ஆகும். இரு திணையும் கலந்து வந்தால் ஆகியோரும் பொருந்தாது, ஆகியவையும் பொருந்தாது. ‘விவசாயிகள், மாடுகள், டிராக்டர்கள் ஆகியவை’ என்று எழுதாமல் ‘விவசாயிகளும் அவர்களுடைய மாடுகளும் டிராக்டர்களும்’ என்று உம்மைக்கு மாறிவிடுவது நல்லது.

‘ஆகிய’ மூடிய பட்டியலுக்கு உரியது: சொன்னவை இவ்வளவுதான், வேறு இல்லை. ‘முதலிய’ திறந்த பட்டியலுக்கு: இவற்றில் தொடங்கி இன்னும் இருக்கின்றன. ‘போன்ற’ என்றால் இவை மாதிரிக்குச் சொன்னவை. மா, பலா, வாழை ஆகிய முக்கனிகள் என்பதே சரி; மூன்றுக்கு மேல் முக்கனி கிடையாது என்பதால் அங்கே ‘முதலிய’ வர வழியில்லை. வேற்றுமை பொடிதாகத் தோன்றலாம். உயில் எழுதும்போது பாருங்கள். ‘வீடு, நிலம், நகை ஆகியவற்றை மகளுக்கு’ என்றால் மூன்று பொருள்கள். ‘முதலியவற்றை’ என்றால் வங்கியில் கிடக்கும் பணமும் அதில் சேருமா என்று பிள்ளைகள் சண்டை போட இடம் கொடுத்தாயிற்று. ஒன்றைப் போட்டால் மற்றது வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ‘கத்தரி, வெண்டை போன்ற காய்கள் முதலியன’, ‘கத்தரி, வெண்டை முதலிய பல காய்கள் போன்றவை’ என்றெல்லாம் அடுக்குவது வீண்.

எண்ணிக்கை தெரிந்தால் அதையே தொகையாகப் போடுவது எல்லாவற்றையும்விடத் தெளிவு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலம் ஐந்து. இந்த ‘ஐந்து’ படிப்பவருக்கு ஒரு சரிபார்ப்பும் கூட. ‘தலைமையாசிரியர், கவிதா, மாலா ஆகியோர் பேசினர்’ என்பதில் பேசியவர் இருவரா மூவரா? தலைமையாசிரியர்தான் கவிதாவா? ‘ஆகிய மூவரும்’ என்றால் தீர்ந்தது. அல்லது பதவியையும் பெயரையும் காற்புள்ளி இல்லாமல் சேர்த்து எழுதலாம்: தலைமையாசிரியர் கவிதா, கணக்காசிரியர் மாலா ஆகிய இருவரும்.

உம்மைக்கு வருவோம். உம் போட்டால் எல்லாப் பெயருக்கும் போட வேண்டும். ‘அரிசி, பருப்பு, எண்ணெயும் வாங்கினான்’ என்று கடைசியில் மட்டும் ஒட்டினால் ‘எண்ணெயும்கூட வாங்கினான்’ என்ற தொனி வந்துவிடுகிறது. ‘அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கினான்’ என்பதில் காற்புள்ளி தேவையில்லை; உம்மே பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆனால் ஒவ்வோர் உறுப்பும் நீண்ட தொடராக இருந்தால் காற்புள்ளி போடுவதை நான் ஆதரிக்கிறேன்: ‘சேற்றில் இறங்கி நாற்று நட்ட பெண்களும், வரப்பில் நின்று கணக்கெழுதிய மேற்பார்வையாளரும், மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களும்’. இங்கே மூச்சு வாங்க இடம் வேண்டும். ஒற்றைச் சொற்களுக்கு இடையே அது வெறும் தடைதான்.

‘மற்றும்’ பற்றிக் கட்சி கட்டிச் சண்டை நடப்பது உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்பவர்கள் பக்கம்தான் என் வாக்கு. ஆனால் காரணம் தூய்மை மட்டும் அல்ல. ‘மாலா, கவிதா மற்றும் ராணிக்கு’ என்று எழுதினாலும் உருபுச் சிக்கல் அப்படியே இருக்கிறது. ‘மற்றும்’ எதையும் கட்டவில்லை. கூடவே, கடைசிப் பெயருக்கு முன் காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று ஆங்கிலத்தில் ஓயாமல் நடக்கும் வழக்கையும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. தொகைச்சொல் போட்டால் அந்தக் கேள்வி எழவே எழாது. அலுவலகச் சுற்றறிக்கையில் ‘மற்றும்’ எழுதியே தீர வேண்டிய நிலை இருந்தால் அதற்கு முன் காற்புள்ளி போடாதீர்கள். உருபைக் கடைசிப் பெயரில் ஒட்டாமல் தொகைச்சொல்லில் ஏற்றுங்கள்.

தொகைச்சொல் இல்லாமலே சரியாக நிற்கும் பட்டியலும் உண்டு. சமையல் குறிப்பில் ‘கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிக்கவும்’ என்கிறோம். ‘கடுகு தாளிக்கவும்’ என்றே இயல்பாகச் சொல்வதால் எந்தப் பெயரிலும் ‘ஐ’ வெளிப்படவில்லை. எல்லாப் பெயர்களும் ஒரே நிலையில் நிற்கின்றன, கடுகு தானாகத் தாளிக்காது என்பதால் குழப்பமும் இல்லை. அதே போல, ‘தேவையான பொருள்கள்:’ என்று முக்காற்புள்ளி போட்டுத் தொடங்கும் பட்டியலுக்கும் இறுதியில் கட்டு வேண்டாம். தலைப்பே முன்கூட்டிக் கட்டிவிட்டது.

சமையல் குறிப்பை எடுத்ததால் அதிலேயே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். காற்புள்ளி பிசகினால் பிசகு நேரே இலையில் வந்து விழும் இடம் அது.

‘இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி’ என்றால் இரண்டையும் சேர்த்து அரைத்த விழுது. ‘இஞ்சி, பூண்டு விழுது 1 தேக்கரண்டி’ என்றால் இஞ்சி தனி, பூண்டு விழுது தனி. இஞ்சிக்கு அளவும் இல்லை. ‘மிளகாய்த்தூள், மல்லித்தூள் 2 தேக்கரண்டி’ என்பதும் அப்படித்தான்: ஒவ்வொன்றும் இரண்டா, இரண்டும் சேர்ந்து இரண்டா, மல்லித்தூள் மட்டும் இரண்டா? இதற்கென்றே நம்மிடம் ‘தலா’ இருக்கிறது. ‘மிளகாய்த்தூள், மல்லித்தூள் தலா 2 தேக்கரண்டி’ என்றால் சந்தேகமே இல்லை. அளவுகள் வேறு வேறாக இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் அளவைப் பக்கத்திலேயே கொடுத்துவிடுவதுதான் முறை.

‘வறுத்த வேர்க்கடலை, எள், தேங்காய்த் துருவல்’ என்பதில் எள்ளையும் வறுக்க வேண்டுமா? தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால் வருவதால் பட்டியலின் முதல் பெயருக்குக் கொடுத்த அடை எல்லாவற்றின் மேலும் படர்ந்துவிடும். அடை ஒரு பொருளுக்கு மட்டும் என்றால் அந்தப் பொருளைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: ‘எள், தேங்காய்த் துருவல், வறுத்த வேர்க்கடலை’. எல்லாவற்றுக்கும் என்றால் தொகைச்சொல்லின் பக்கம் கொண்டுபோங்கள்: ‘வேர்க்கடலை, எள், தேங்காய்த் துருவல் மூன்றையும் வறுத்து’. ஊர்ப்பெயரோடு வரும் அடையும் இப்படித்தான் படரும். ‘மதுரையிலிருந்து வந்த மல்லிகை, வாழைப்பழம், வெற்றிலை’ என்றால் வெற்றிலையும் மதுரையிலிருந்து வந்ததாகவே கொள்வார்கள்.

வலப்பக்கத்திலும் இந்தப் படர்ச்சி உண்டு. ‘ஆசிரியர், மாணவர் சங்கத் தலைவர்’ என்பவர் ஒருவரா? ஓர் ஆசிரியரும் மாணவர் சங்கத் தலைவருமா? இரண்டு சங்கங்களின் தலைவர்களா? இங்கே காற்புள்ளியை நகர்த்திப் பயனில்லை. ‘ஆசிரியர் சங்கத் தலைவரும் மாணவர் சங்கத் தலைவரும்’ என்று முழுவதும் எழுதிவிட வேண்டியதுதான். ஒரு சொல் கூடுவதற்கு அஞ்சி மூன்று பொருள் வரும்படி எழுதுவது எந்த வகையிலும் சிக்கனம் அல்ல.

வினைகளின் பட்டியலில் வேறொரு நுணுக்கம் இருக்கிறது. ‘உருளைக்கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, பிசைந்து வைக்கவும்.’ வினையெச்சங்கள் அடுக்கி வரும்போது இடையில் காற்புள்ளி போடலாம். போட்டால் வல்லின ஒற்று வராது. ‘வேகவைத்துத், தோலுரித்துப், பிசைந்து’ என்று எழுதுபவர்கள் உண்டு; அது தவறு. இரண்டு சொற்கள் இடைவெளி விடாமல் சேர்ந்து ஒலிக்கும்போது தோன்றுவது அந்த ஒற்று. காற்புள்ளி என்றால் நிறுத்தம். நிறுத்திய பிறகு ஒற்றுக்கு இடம் ஏது? மறுபக்கமும் உண்டு: காற்புள்ளியை எடுத்தால் ஒற்றைச் சேர்க்க வேண்டும். ‘வேகவைத்துத் தோலுரித்துப் பிசைந்து வைக்கவும்.’ மெய்ப்புத் திருத்தும்போது காற்புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு ஒற்றை மறப்பது, ஒற்றை நீக்காமல் காற்புள்ளியைச் சேர்ப்பது ஆகிய இரண்டுமே அடிக்கடி நடக்கின்றன. ‘காய்களை, கீரைகளை, பழங்களை’ என்று ஐ உருபோடு வரும் பெயர்களுக்கும் இது பொருந்தும்.

அதே வாக்கியத்தில் ‘பிசைந்து’ என்பதற்கும் ‘வைக்கவும்’ என்பதற்கும் இடையில் காற்புள்ளி இல்லை. அங்கே ‘வை’ துணைவினை. ஒரே செயலைச் சொல்லும் இரண்டு வினைகளைக் காற்புள்ளியால் வெட்டக் கூடாது. ‘ஓடி வந்தான்’ என்றால் வந்த விதம் ஓட்டம். ‘ஓடி, வந்தான்’ என்றால் ஓடினான், பிறகு வந்தான் என்று பொருள் கோணுகிறது. எடுத்துக்கொண்டு, போய்விட்டு, எழுதிவைத்து எல்லாம் இந்த வகை.

பெயர்களிலும் வெட்டக் கூடாத இணைகள் இருக்கின்றன. ஆடு மாடு, செடி கொடி, வரவு செலவு, இரவு பகல், தாய் தந்தை எல்லாம் உம்மைத்தொகை. இவை நீண்ட பட்டியலுக்குள் வந்தாலும் இணை உடையாமல் நிற்க வேண்டும்: ‘செடி கொடிகள், ஆடு மாடுகள், பறவைகள் எல்லாம்’. ‘சேர சோழ பாண்டியர்’ என்பதற்கும் காற்புள்ளி தேவையில்லை; கடைசியில் வரும் பன்மை விகுதி மூவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. எண்களில் இது பொருளையே மாற்றிவிடும். ‘ஏழு எட்டுப் பேர் வந்தார்கள்’ என்றால் தோராயம். ‘ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் வந்தார்கள்’ என்றால் இரண்டு தனித்தனி வகுப்புகள்.

பட்டியலுக்குள் பட்டியல் வந்தால் காற்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. அரைப்புள்ளி இருப்பதே இதற்காகத்தான்: ‘திருச்சி மாவட்டத்தில் லால்குடி, முசிறி, துறையூர்; தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணம், பட்டுக்கோட்டை, பேராவூரணி; புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் ஆகிய ஊர்களில் முகாம் நடக்கும்.’ அரைப்புள்ளிகளைக் காற்புள்ளிகளாக மாற்றிப் படித்துப் பாருங்கள். துறையூர் தஞ்சாவூர் மாவட்டத்துக்குப் போய்விடும். அழைப்பிதழில் பட்டங்களோடு பெயர்களை அடுக்கும்போதும் அரைப்புள்ளியே கைகொடுக்கும். எம்.ஏ., பி.எட்., என்று பட்டத்துக்குள்ளேயே காற்புள்ளி இருப்பதால் ஒருவர் பெயர் எங்கே முடிகிறது என்று காட்ட வேறு வழியில்லை.

இரண்டு பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தும்போது ‘முறையே’ வேண்டும். ‘சேரர், சோழர், பாண்டியர் ஆகியோர் முறையே பனம்பூ, ஆத்தி, வேம்பு ஆகியவற்றைச் சூடினர்.’ இரு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மூன்று ஜோடிக்கு மேல் போனால் இந்த முறை வேண்டாம். படிப்பவர் கண் முன்னும் பின்னும் ஓடிக் களைத்துவிடும். ‘சேரர் பனம்பூவையும், சோழர் ஆத்தியையும்’ என்று உடைத்து எழுதுவது அவருக்கு எளிது.

எண்களுக்குள் வரும் காற்புள்ளி தனி வகை. 1,25,000 என்பதில் இடைவெளி இல்லை. பட்டியல் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டு. ‘1,500, 2,000, 3,250’ என்று எழுதினால் இடைவெளி ஒன்று தவறினாலும் தொகை மாறிப் படிக்கப்படும். ‘ரூ.1,500; ரூ.2,000; ரூ.3,250’ என்று ஒவ்வொன்றுக்கும் ரூபாய்க் குறியிட்டு, அரைப்புள்ளியால் பிரித்துவிடுங்கள்.

கடைசியாக, தட்டச்சு. காற்புள்ளி முன்னால் உள்ள சொல்லோடு ஒட்டி நிற்க வேண்டும். அதற்குப் பின் ஓர் இடைவெளி. ‘அரிசி ,பருப்பு ,உப்பு’ என்று தலைகீழாக அடிப்பது நிறைய நடக்கிறது. கைபேசியில் பரிந்துரைச் சொல்லைத் தொட்டதும் ஓர் இடைவெளி தானாக விழும்; அதன்மேல் காற்புள்ளியை அடித்தால் இப்படி ஆகும். திரையில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. பக்கம் வடிவமைக்கும்போது வரி அந்த இடத்தில் உடைந்தால் காற்புள்ளி அடுத்த வரியின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அனுப்புவதற்கு முன் தேடுபெட்டியில் ஓர் இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்து அடித்துத் தேடி, அகப்படும் இடங்களில் எல்லாம் வெறும் காற்புள்ளியாக மாற்றிவிடுங்கள். அடுத்து, இடைவெளி இல்லாமல் பின்னால் வரும் சொல்லோடு ஒட்டிய காற்புள்ளிகளைத் தேடுங்கள். இந்த இரண்டாவதை மட்டும் ஒட்டுமொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் 1,25,000 மூன்று எண்களாக உடைந்துவிடும்.